சயான்காரனாகப் போன கதை

நான் சிப்பாயாகச் சேர்வதை வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தவன் என் நண்பன்.

தாராவியில் எங்கள் சந்திலிருந்து அந்த வருடம் மூன்று பேர் அக்னிவீர் எழுத்துத் தேர்வு எழுதினோம். தேறியது நான் ஒருவன்தான். அடுத்தது ஓட்டமும் உடல் சோதனையும். ஓட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்தொரு வயது முடிய இரண்டு மாதம் பாக்கி இருந்தது, அதைத் தாண்டினால் சிப்பாய் வேலைக்கு மனுப்போடவே முடியாது. ஆக, அந்த ஓட்டம்தான் எனக்குக் கடைசி வாய்ப்பு.

அதே சமயத்தில் ஆபீஸர் தேர்வும் எழுதியிருந்தேன். அது அந்த நண்பனால் வந்தது. மாட்டுங்கா கல்லூரியில் என் வகுப்பு அவன். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் போகிறவர்கள், இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். காலையில் நான் அவனை ஓடவைப்பேன், சாயங்காலம் அவன் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவான். இரண்டு பேருமே எழுத்துத் தேர்வில் தேறினோம். போபாலில் ஐந்து நாள் நேர்முகத்துக்கு எனக்குக் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தால், அதே வாரத்தில்தான் சிப்பாய் ஓட்டமும்.

"சிப்பாயா போனா நாளைக்கு நீ எனக்கே சல்யூட் அடிக்கணும்டா. தேவையா இது உனக்கு?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நாலு வருடம் துப்பாக்கி தூக்கிவிட்டு, முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வேலை அது. இந்தப் பக்கம் தோளில் நட்சத்திரம். என் புத்தி எந்தப் பக்கம் சாயும்?

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "அரசனை நம்பி புருசனக் கைவிட்ட கதையா ஆயிரப்போவுது, பாத்துக்கோ" என்றாள். அப்பா பை தைக்கிற காரகானாவிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "படிச்சவன் அவன் சொல்லுதான், கேளு" என்றார். கேட்டேன். ஓட்டத்துக்கான அட்மிட் கார்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு போபாலுக்கு டிக்கெட் எடுத்தேன்.

கிளம்புவதற்கு முன் மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே டீ குடித்துக்கொண்டே அவன் எனக்குப் பாடம் எடுத்தான். "ஃபார்ம்ல தாராவின்னு போட்டுத் தொலைக்காதே. சயான்னு போடு. அந்த மழைக் கதையெல்லாம் அங்கே வேண்டாம்டா, சாக்கடைத் தண்ணி வாசனை அடிக்கும்."

அந்தப் பொய்யை நான் அவனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சயான் எங்களுக்கு அடுத்த, கௌரவமான ஏரியா; எங்கள் சந்தில் பாதிப் பேர் வெளியே போனால் சயான்காரர்கள்தான். வேலை கேட்கப் போனால் சயான், பெண் பார்க்கப் போனால் சயான், பீட்சா வரவழைத்தால்கூட சயான். சயானில் இருக்கிற ஜனத்தொகை எங்களால்தான் பெருகிவிட்டது.

மழைக் கதை என்று அவன் சொன்னது முந்தின வருடம் நடந்தது. சந்தில் இடுப்பளவு தண்ணீர். மாடி வீடுகளுக்கு ஏற எங்களுக்கு இருப்பது வாசலில் சாத்திய இரும்பு ஏணிதான். அந்த ஏணியில் கரண்ட் இறங்கிவிட்டது. மேலே பதினோரு பேர், அதில் ஒருத்தி நிறைமாதம். நான் பின் சந்து வழியாகத் தகரக் கூரை மேல் ஏறிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். பிறகு கட்டில் பலகையைக் கூரைக்குக் கூரை போட்டு ஒவ்வொருவராகக் கடத்தினேன். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தவள் அம்மா. கடைசி ஆள் வரும்வரை அவள் கையை எடுக்கவே இல்லை.

போபாலில் என்னை நேர்முகம் செய்த ஆபீஸர் மரியாதையாகத்தான் பேசினார். சயானில் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒரு ரோட்டைச் சொன்னேன். ஆதார் நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் தாராவி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஏன் மாற்றி எழுதினாய் என்றார். "தாராவி என்றே எழுதியிருந்தால் உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஐந்தாம் நாள் தேறியவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் இல்லை.

திரும்பி வந்து அவனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த ஆபீஸர் சொன்னதையும் சொன்னேன். தோளில் கை போட்டான். பேச்சோடு பேச்சாக மழைக் கதையை மறுபடி கேட்டான். மெயின் எங்கே இருந்தது, எத்தனை பேர், பலகை எவ்வளவு நீளம் என்றெல்லாம். என் மனசு ஆறட்டும் என்று கேட்கிறான் என நினைத்தேன். இவ்வளவு மடையன் நான்.

மூன்று வாரம் கழித்து அவன் முறை வந்தது, போபால் போனான், தேறினான். அடுத்த சிப்பாய்த் தேர்வு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிட்டது.

மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அம்மா கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற புடவையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று யாரோ கேட்க, அவன் ஆரம்பித்தான். தாராவியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போவானாம். ஒருநாள் மழையாம். ஏணியில் கரண்டாம்.

அம்மா என் தொடையில் தட்டினாள். "ஏல, உன்னத்தான் சொல்லுதான்!"

அவன் தொடர்ந்தான். "அங்கே ஒரு அம்மா பலகையைப் பிடிச்சுண்டு ஒக்காந்திருந்தா" என்றான். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "என்னையும் சொல்லுதாம்ல!" பிறகு அவன் 'நான் மெயினை இறக்கினேன்' என்றான், 'நான் பதினோரு பேரையும் கடத்தினேன்' என்றான். ஹாலே கைதட்டியது. அம்மாவும் தட்டினாள், பாதியில் கை நின்றது. "இன்னும் உன் பேரச் சொல்லலியே" என்று அவன் மைக்கைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தாள்.

பந்தியில் அவனைப் பிடித்தேன். இரண்டு வருடம் விடிகாலையில் இவனை எழுப்பி ஓடவைத்தவன் நான். அவன் முகத்தில் சங்கடம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் குரலில் இல்லை. "நீதான் அதை வேண்டாம்னு விட்டுட்டியேடா. சும்மா கெடந்தது" என்றான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் நெய்யைக் கொட்டச் சொல்லிவிட்டு, கொட்டியதை வழித்துக்கொண்டவன். முதலிலேயே திட்டம் போட்டானா, நான் வந்து சொன்ன பிறகுதான் புத்தி வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானால் என்ன, நான் அவனை மன்னிக்கவில்லை. இலையில் உட்காராமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

நடந்தே வந்தோம். தாராவிக்குள் நுழைகிற லேபர் கேம்ப் பக்கம் வந்ததும் அம்மா கேட்டாள். "அவன் களவாண்டுட்டான், சரி. நீ அங்க போயி ஏன் இதச் சொல்லல?"

வீட்டில் நான் தேறவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் சயான் என்று எழுதியதைச் சொன்னேன். சந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் சொன்னேன்.

அம்மா நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரன் அடித்தான், அவள் நகரவில்லை.

"களவாணிப்பய, அவனாவது என்னையச் சொன்னான்ல" என்றாள். "நீ சொல்லலியே."