கவிழ்த்துத் தொங்கவிட்ட டிபன் பாக்ஸ்கள்

படத்துக்கு அர்த்தம் சொல்லச் சொன்னால் சூசைமுத்து வாத்தியாரை நிறுத்த முடியாது. 1991-இல் திண்டுக்கல்லில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவர். ஊரில் கண்காட்சி என்றால் வாசலிலேயே நின்று வருகிறவர்களுக்கு விளக்குவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களுக்கு வேலை போனது. வாத்தியாருக்கும் போனது. மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துத் திரும்பச் சேர்ந்தார். எழுதியவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர், இவர் மட்டும் என்ன பாவம் செய்துவிட்டார்? ஆனாலும் இன்னும் வேலை கிடைக்காத கிளார்க் பேச்சிமுத்து கடைத்தெருவில் எதிரே வந்தால், இவர் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார்.

செப்டம்பரில், சென்னையில் ஓவியம் படித்த சின்னாளபட்டி அறிவுச்செல்வி ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தாள். வேலை போனவர்களின் வீடு வீடாக ஏறி, அவர்கள் ஆபீசுக்குச் சோறு கொண்டுபோன டிபன் பாக்ஸ்களை இரவல் வாங்கினாள். எல்லாம் பேர் வெட்டிய எவர்சில்வர். நூற்று முப்பது பாக்ஸ்களைத் திறந்து, கவிழ்த்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லை, வெளியே பேர் மட்டும் இருந்தது.

"நீங்க வந்து நின்னு சொன்னாத்தான் சார் சனங்களுக்குப் புரியும்" என்று வாத்தியாரைக் கூப்பிட்டாள். அந்தப் புகழ்ச்சியில் மனுஷர் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள், வேலை போனவர்களின் வெறும் பாக்ஸ்கள் இவை என்று ஒழுங்காகத்தான் சொன்னார். இரண்டாம் நாள் காலையில் ஓர் அதிகாரி இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார்.

"என்னய்யா இது, பாத்திரக்கடையா? யாரு பேரு இதெல்லாம்?"

வாத்தியாருக்குத் தான் எழுதிய மன்னிப்புக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு தடவை வேலை போனால் கடிதம் எழுதினாலும் கிடைக்காது. ஊருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் அணையே தரை தெரிந்து கிடந்த வருஷம் அது. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது.

"தண்ணிப் பஞ்சம் சார்" என்றார். "மழை இல்லாம பாத்திரமெல்லாம் கவுந்து கெடக்கு. மழைநீரைச் சேமிச்சா நிமிரும். பேரெல்லாம் பாத்திரம் குடுத்து உதவினவங்க."

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மதியத்துக்குள் வாசலில் மழைநீர் சேகரிப்பு பேனர் ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அனுப்பினார்கள். அறிவுச்செல்வி தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வாத்தியார் நான்கு வகுப்புக்கு அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் பேச்சு மெருகேறியது. நான்காவது தடவை அவருக்கே அதுதான் உண்மை போலத் தோன்றியது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

அந்த வகுப்பு வெளியே போனதும், பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். பேச்சிமுத்துவின் மனைவி பாண்டிச்செல்வி.

"எங்க வீட்டுக்காரரு பாக்ஸ் எது சார்?"

காட்டினார்.

"அவருக்கு வேலை போனதும் மழை இல்லாமத்தானா சார்?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகக் கேட்டாள். அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"நான் எடுத்துக்கிட்டுப் போறேன் சார். அவருக்கு மில்லுல வாட்ச்மேன் வேலை கெடச்சிருக்கு. நாளையிலருந்து சோறு கட்டணும், வீட்டுல வேற பாக்ஸ் இல்ல."

வாத்தியார் ஸ்டூலில் ஏறினார். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. பாண்டிச்செல்வி அண்ணாந்து பார்த்தபடி பொறுமையாக நின்றாள். பாக்ஸை வாங்கி முந்தானையால் துடைத்து, "வாரேன் சார்" என்று சொல்லிப் போனாள்.

அடுத்த வகுப்பு உள்ளே வந்தது. முன்னால் நின்ற சிறுமி ஒருத்தி மேலே கை காட்டினாள்.

"இந்தக் கயித்துல மட்டும் ஏன் சார் ஒண்ணும் இல்ல?"

மண்டபத்தில் அப்போது அதிகாரியும் இல்லை, போலீசும் இல்லை. அறிவுச்செல்வி தூணோரத்திலிருந்து எழுந்து அவரையே பார்த்தாள்.

"அடுத்ததைப் பாரும்மா" என்றார் வாத்தியார்.