கூப்பிடக் கூடாத நாய்

பிள்ளைகளே, நைனார்பாளையத்து நாய்ப் பந்தயத்தில் ஒருவரைப் பார்த்தேன். அவர் பந்தயத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்தார். சம்பளம் வாங்காமல் தானாக வந்து செய்கிற வேலை. வெள்ளைச் சட்டை, அதில் பெரிய பேட்ஜ். ஒரு நாய் பக்கத்தில் வந்தால் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்வார்.

வளர்த்தவர் பந்தயம் முடிகிற எல்லைக்கோட்டில் நின்று கூப்பிட்டால்தான் நாய் அங்கே ஓடிவரும். இந்தக் குழுவோ, பந்தயத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று பந்தயம் நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்களும் அதையே விதியாக்கிவிட்டார்கள்.

கல்வராயன் மலையிலிருந்து முதல்முறையாக நாயோடு வந்த கூலிக்காரப் பெண் அவரிடம் கேட்டாள்.

"ஒரு வருசமா கூப்ட்டுக் கூப்ட்டுதாங்க பழக்கிக்கினு இருக்கேன். கூப்புடலன்னா அது எப்டிங்க ஓடும்?"

"நாங்க ஆலோசனதாம்மா சொல்றோம். உத்தரவு போட்றது நாங்க இல்ல."

"அப்ப கூப்புடலாங்களா?"

"கூப்ட்டா நாய வெளிய அனுப்பிடுவாங்க."

"அப்ப நீங்க இன்னாத்துக்குங்க இருக்கீங்க?"

"யாராச்சும் கேட்டா சொல்றதுக்கு."

"நாந்தான் கேக்கறேனே."

அவர் பேட்ஜைத் தடவிக்கொண்டார்.

பந்தயம் தொடங்கியது. அவள் எல்லைக்கோட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய நாய் புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்து, அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தது. மற்ற நாய்கள் கூப்பிட ஆளில்லாமல் பக்கத்துக் கரும்புக்காட்டுக்குள் போய்விட்டன.

"பந்தயம் அமைதியாக நடந்தது" என்று அவர் நோட்டில் எழுதினார். கூலி வாங்காமல், பகல் முழுக்க வெயிலில் பாடுபட்டு, ஓடுகிற நாயை உட்காரவைத்த அந்த மனிதரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.