ஓரமாக நிறுத்தினால் யாரும் வரமாட்டார்கள்

சாவியைத் திருப்பியதும் இன்ஜினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் இல்லாமல் ஒரு காரை எவ்வளவு காலம் ஓட்டலாம் என்று என்னைக் கேட்டால், ஏற்காட்டில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பேன். மலையில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. காரை இறக்கம் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டு, இரண்டாவது கியரில் போட்டு, கிளச்சை மிதித்து, உருளவிட்டு, சட்டென்று கிளச்சை விட வேண்டும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பிவிடும். செல்ஃப் மோட்டார் என்பது சமவெளிக்காரர்களின் தேவை.

நானும் சமவெளிக்காரிதான். சேலத்தில் பிறந்தவள். எண்பதுகளின் நடுவில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த கையோடு, தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. பம்ப்செட், ஜெனரேட்டர், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் என்ற இயந்திரம், இந்த மூன்றும் என் பொறுப்பு. வாடகை வீடு ஏற்காடு டவுனில். வீட்டிலிருந்து எஸ்டேட்டுக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பல்ப்பர் பஸ் நேரம் பார்த்துப் பழுதாவதில்லை. அதனால் அப்பா தன்னுடைய பழைய கறுப்புக் காரை எனக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே நிபந்தனையும் சேர்த்துக் கொடுத்தார்.

"பொம்பளப்புள்ள தனியா காட்டு ரோட்டுல நிக்கப்படாது கண்ணு. வண்டி நின்னு போச்சுன்னு ஒருக்கா என் காதுல விழுந்தாப் போதும். அத வித்துப்போட்டு உன்னைக் கீழ கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

கார் போனால் வேலை போகும். வேலை போனால், சேலத்தில் அப்பாவின் நோட்டுப் புத்தகக் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காபியை உரித்துக் கொடுப்பதற்கும் ஆற்றிக் கொடுப்பதற்கும் நடுவே அந்தக் கார் நின்றது.

வந்த சில வாரங்களிலேயே செல்ஃப் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, கருகிவிட்டது. கழற்றி எடுத்துப்போய், சேலத்தில் மோட்டார் சுற்றும் கடை ஒன்றில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். எப்போது கேட்டாலும் வியாழக்கிழமை என்பார். எந்த வியாழக்கிழமை என்று கேட்டால் மட்டும் வருத்தப்படுவார். "என்னுங்க இப்படிக் கேக்கறீங்க? வார வியாழந்தானுங்க." திருப்பிக் கொடுங்கள், நானே சுற்றிக்கொள்கிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். "பாதி பிரிச்ச மோட்டாரக் குடுத்தா கடைக்குப் பேரு கெட்டுப்போயிருமுங்க" என்றார்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைத்தால்தான் மனம் அடங்கும். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். என்ன ரிப்பேர், யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று மூன்று பத்திகள். கூரை ஓடு மாற்றுபவர்: "மழ நிக்கட்டுங்க." மழை நின்ற பிறகு: "இப்பத்தான் மழையே இல்லீங்களே." தண்ணீர்க் குழாய்க்காரர்: "நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்." கார் மெக்கானிக்: "மொதல்ல செல்ஃப வாங்கிட்டு வந்துருங்க." மூன்றாவது பத்தி நிறைந்துகொண்டே போனது. யாரும் வரவில்லை.

ஆகவே நான் இறக்கங்களை நம்பி வாழப் பழகினேன். டவுனில் இருந்ததிலேயே நல்ல இறக்கம் ஒரு பாயின் மளிகைக் கடைக்கு முன்னால் இருந்தது. பாய்க்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. "ஏம்மா, உன் வண்டி நிக்கற இடத்துல எங்கடை இருக்குதுன்னே சனங்களுக்கு மறந்து போச்சு. பாய் எந்த ஊருக்குப் போயிட்டாருன்னு கேக்கறாங்க" என்பார். ஆனாலும் என் முட்டுக்கல்லை யாரும் எடுத்துப் போகாமல் கடைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

நிறுத்தி வைப்பதில் ஆபத்து இல்லை. வழியில் அணைந்து போவதில்தான் ஆபத்து. எஸ்டேட் சாலை, ஒரு வண்டி போகும் அகலத்தில் போடப்பட்ட ஏற்றச் சாலை. ஒரு கொண்டை ஊசி வளைவில் மாடு குறுக்கே வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் சில சமயம் இன்ஜின் அணைந்துவிடும். பின்னோக்கி உருளவிட்டு ரிவர்ஸ் கியரில் கிளப்பலாம் என்று பாடத்தில் உண்டு. பாடம் எழுதியவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கு இருந்திருக்காது.

ஒழுங்காக வளர்க்கப்பட்டவள் ஆகையால், அணையும் என்று தோன்றியதுமே காரை ஓரம் கட்டிவிடுவேன். பிறகு உதவிக்குக் காத்திருப்பேன். ஆட்கள் வராமல் இல்லை. விறகுக்காரர் வருவார், மிளகுக்காரர் வருவார், மொபெட்டில் யாராவது வருவார்கள். எல்லோரும் நிற்பார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்பார்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்து, ஏதோ துக்க வீட்டில் முகம் பார்த்தவர்கள் போல நகர்ந்துகொள்வார்கள். "நொம்ப சூடாயிருச்சுங்க. கொஞ்சம் ஆறட்டும்." சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் போதும். ஆனால் நால்வரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள்.

ஒரு நாள் ஓரம் கட்ட நேரம் கிடைக்கவில்லை. வளைவின் நட்ட நடுவில் கார் அணைந்தது. பின்னால் வந்த காலை பஸ், என் டிக்கியை முட்டாத குறையாக நின்றது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் இறங்கிக் கல்லை முட்டுக் கொடுப்பதற்குள் கண்டக்டர் குதித்து வந்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க இன்ஜினியரம்மா?"

"செல்ஃப் இல்லீங்கண்ணா. தள்ளினாக் கிளம்பிரும்."

அவர் பானெட் பக்கமே போகவில்லை. திரும்பி பஸ்ஸைப் பார்த்து விசில் ஊதினார். "ஆம்பளைங்க அத்தன பேரும் எறங்குங்க! எஸ்டேட்டுக்கு லேட்டானா அரைநாள் போயிரும், அப்பறம் என்னையச் சொல்லாதீங்க!"

இறங்கினார்கள். யாரும் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆறட்டும் என்று சொல்லவில்லை. வளைவைத் தாண்டியதும் ஒரு சின்ன இறக்கம் உண்டு. அதுவரை காரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்பதால், ஜன்னல் வழியே கையை நீட்டி ஒரு நன்றியைக் காற்றில் விட்டுவிட்டுப் போனேன்.

அன்று மாலை தாளில் நான்காவதாக ஒரு பத்தி போட்டேன்: மறித்துக்கொண்டு நிற்க அவருடைய வழி எது? ஓட்டுக்காரரின் வழி அவருடைய ஏணி. தேங்காய் பறிக்கும் அளவுக்கு நீளமான ஏணி. ஊரில் பாதி வேலைகள் அதை வைத்துத்தான் நடந்தன. ஒட்டடை அடிக்க வேண்டும் என்று சொல்லி இரவல் வாங்கி வந்து, திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். மறுநாளே வந்தார். "ஏனுங்கம்மா, ஏணி?" "கூரைமேல சாத்தி, நுனியக் கயித்துல கட்டியிருக்குதுங்க. ஏறி அவுத்துக்குங்க." ஏறினார். ஏறியவருக்கு உடைந்த ஓட்டைப் பார்த்துக்கொண்டே இறங்க மனம் வரவில்லை. தண்ணீர்க் குழாய்க்காரருக்கு என்ன செய்தேன் என்பதை அவர் மருமகன் இன்னும் அந்த ஊரில் இருப்பதால் எழுதவில்லை.

அதன் பிறகு நான் ஓரம் கட்டுவதை விட்டுவிட்டேன். கார் திணறினால் நிதானமாகச் சாலையின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். இதில் இருந்த ஒரே சிக்கல், அந்த பஸ் சேலத்திலிருந்து வருவது. அதன் கண்டக்டர், அப்பாவின் கடைக்கு அடுத்த டீக்கடையில்தான் டீ குடிப்பார்.

"அப்பாகிட்டச் சொல்லிராதீங்கண்ணா."

"நானெதுக்குங்க சொல்றேன்? எனக்கென்ன வேற வேலையில்லீங்களா?"

கொஞ்ச காலம் சொல்லாமல்தான் இருந்தார். ஆனால் ஒரு பஸ் ஆட்களை விசில் அடித்து இறக்கி, ஒரு காரை மலையேற்றுகிற மனிதர் அதை எவ்வளவு நாள்தான் மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்? சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிய நாளில், டீக்கடையில் அவர் வாய் திறந்துவிட்டார். பெருமையாகத்தான் சொன்னாராம். அப்பாவுக்கு அதிலிருந்த பெருமை காதில் விழவில்லை. வண்டி நின்றது என்பது மட்டும் விழுந்தது.

மறுநாள் காலை பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். கூடவே பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவரையும் கூட்டிக்கொண்டார். எனக்கு எதுவும் தெரியாது. அதே வளைவில் கார் அணைந்தது. நானும் வழக்கம்போல நடுவில் நிறுத்தியிருந்தேன். பஸ் வந்தது, விசில் கேட்டது, திருவிழாக் கூட்டம் இறங்கியது. கண்ணாடியில் வெறும் சட்டைகள்தான் தெரிந்தன. அதில் ஒன்று அப்பாவுடையது. மற்றதெல்லாம் அன்று மாலை கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது.

காரைப் பார்த்ததும் அப்பா கூட்டத்தில் பதுங்கிக்கொண்டாராம். ஆனால் கண்டக்டரின் கண்ணுக்குத் தப்ப முடியுமா? "பெரியவரே, கைய வெச்சாப் போதாதுங்க, தள்ளோணும்!" அப்பா தள்ளினார். பக்கத்தில் புரோக்கரும் தள்ளினார். தான் பார்க்க வந்த வண்டி இதுதான் என்று அவருக்குத் தெரியாது. கைதான் வேலை செய்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"டிக்கி பூராத் துருவுங்க. அழுத்துனா கை உள்ள போயிரும்."

"மெதுவா அழுத்துங்க" என்றாராம் அப்பா.

"ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது பாருங்க."

"ரோடு சாஞ்சிருக்குதுங்க. வண்டி நேராத்தான் நிக்குது."

"எடைக்குத்தான் போடோணும். இதையும் ஒருத்தர் ஓட்டறாங்களே, உசுர வெறுத்தவங்களாட்டம் இருக்குது."

அப்பா கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாராம். "ஓட்டறது என் பொண்ணுங்க. அந்த எஸ்டேட்டு மிசினு அத்தனையும் அவ கைலதான் இருக்குது. செல்ஃபு இல்லாம இந்த மலையில இத்தன மாசமா ஓட்டறா. சாவி தரச் சொல்றேன், நீங்க ஒரு நாளைக்கு ஓட்டிக் காட்டுங்க பாக்கலாம். ஆமா, நீங்க பாக்க வந்த வண்டி இதுதானுங்க."

புரோக்கர் தொழில் தெரிந்தவர். "அப்படிங்களா? இன்ஜின் சத்தமென்னமோ நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாராம். இன்ஜின் அப்போது இன்னும் கிளம்பவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில், தள்ளுவது ஒரு கணம் நின்று கார் பின்னால் உருளப் பார்த்ததாம்.

"விக்கறதா இல்லீங்க" என்றாராம் அப்பா, ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால்.

இது எதுவும் தெரியாமல் நான் பல்ப்பர் ஷெட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிபந்தனை நினைவுக்கு வந்தது. நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பின்னால புடிக்கறதுக்குத் தோதா ஒண்ணுமில்ல சாமி. பம்பர்ல கை நழுவுது."

"உங்களுக்கெப்படிப்பா தெரியும்?"

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். என் காரின் துரு முழுவதும் அதில் இருந்தது.

அந்த வாரமே, எஸ்டேட் பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்து, டிக்கிக்குக் கீழே இரண்டு கைப்பிடிகளைப் பற்றவைத்தேன். "இப்பத்தானுங்க பஸ்ஸாட்டம் இருக்குது" என்றார் கண்டக்டர்.

அடுத்த வியாழக்கிழமை அப்பா மறுபடி வந்தார். மடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கனமான பொட்டலம். பிரித்தால், என் செல்ஃப் மோட்டார். புதுக் காயில், புது வார்னிஷ் வாசனை. எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். மோட்டார் கடையின் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்துவிட்டாராம். வருகிறவர்கள் யாரும் அவரைத் தாண்டிக் கடைக்குள் போக முடியவில்லை.

"கொஞ்சம் ஓரமா உட்காருங்கன்னான். நானெதுக்கு ஓரமா உட்காரோணும்?"

நான் அவரிடம் அந்தத் தாளைக் காட்டியதே இல்லை.

மோட்டாரை மாட்டினேன். சாவியைத் திருப்பினால் கார் கிளம்பியது, சமதளத்தில், யாரும் தொடாமல். பாயின் கடை மறுபடி ஊருக்குத் தெரிய ஆரம்பித்தது. அந்த வளைவு வந்தால் பஸ்ஸில் இருந்தவர்கள் பழக்கத்தில் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள் என்று கண்டக்டர் குறைபட்டுக்கொண்டார். கைப்பிடிகளை மட்டும் நான் கழற்றவில்லை. மோட்டாரைச் சுற்றிக் கொடுத்தவர் அந்த வியாழக்கிழமைக்காரர்தானே.