கனமான ட்ரைபாட்

காலை ஆறு ஐம்பத்திரண்டு. திரையின் கீழ் மூலையில் கேமரா பதித்திருந்த நேரம் அது. முதலில் தெரிந்தது உறைபனி படிந்த புல். அதற்குப் பின்னால் ஒரு ஜூனிப்பர் மரம், அதற்கும் பின்னால் மலைச்சரிவு. படம் ஆடிக்கொண்டிருந்தது.

நாங்கள் அதைப் பார்த்தது டெக்சஸில், இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட் ஹாலில். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அந்த வீடியோ டேப்புக்குச் சொந்தக்காரர் டிவிக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ரிச்சர்ட்சனில் நான் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனியில் ஹார்டுவேர் இன்ஜினியர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு நவம்பரிலும் அவர் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நியூ மெக்சிகோவுக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போவார். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்குள் நடப்பார். அங்கே போன் எடுக்காது. வேட்டை லைசென்ஸுக்கு ஒரு மான். கிடைத்தால் துண்டு போட்டு, பல நடையாகச் சுமந்து இறக்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். வறுத்த மிளகாய்த்தூள் போட்டு அக்கா வைக்கும் கறி அவர்களுடைய சர்ச்சில் பாதிக் குடும்பங்களுக்குப் போகும்.

கேமரா வந்ததற்குக் காரணமும் அந்தச் சர்ச்தான். ஒருமுறை சாப்பாட்டு வரிசையில் ஒருவர் கேட்டார்: "உண்மையாச் சொல்லும், நீர்தான் சுட்டனீரோ, இல்லாட்டி வாற வழியில கடையில வாங்கினனீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுவாரம் என்னை அழைத்துக்கொண்டு கேமரா கடைக்குப் போனார். நான் சென்னையில் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தவன். படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறேனே தவிர, கேமராவைத் தொட்டதில்லை. அதைச் சொன்னேன்.

"பரவாயில்லை தம்பி. படம் பாக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும்."

டிஜிட்டல் டேப் போடும் சின்னக் கேமரா ஒன்றை எடுத்தார். கையுறையோடு அழுத்தக்கூடிய பட்டன்தான் அவர் பார்த்த முதல் விஷயம். பதிவாகும்போது எரியும் சிவப்பு விளக்கை மான் பார்த்துவிடும் என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். குளிரில் பேட்டரி செத்துவிடும்; அதனால் மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொள்வார். காற்றின் இரைச்சல் விழாமலிருக்க மைக்குக்கு மகளின் பழைய கம்பளிக் காலுறையை மாட்டினார். எதுவும் சமையலறைத் தராசில் ஏறாமல் மூட்டைக்குள் போகாது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூட அறுத்திருந்தார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. மான் தெரிந்ததிலிருந்து விழும்வரை ஒரே ஓட்டம், நடுவில் வெட்டு இல்லை. வெட்டினால் வேறு யாரோ சுட்டதாகச் சொல்வார்கள். தனியாள் என்பதால், கேமராவை ட்ரைபாட் என்ற முக்காலியில் நிறுத்தி, அதன் கைப்பிடியைப் பிடித்து மானோடு திருப்பி, மான் நின்றதும் கேமராவை அப்படியே விட்டுவிட்டுத் துப்பாக்கிக்குப் போகவேண்டும்.

முதல் வருடமே படம் ஆடியது. மெல்லிய ட்ரைபாட், மலைக்காற்று என்றார். இரண்டாம் வருடம் தடித்த கால்கள் உள்ளதை வாங்கி, அதன் நடுவில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டார். அப்போதும் ஆடியது. மூன்றாம் வருடம் டிவி செய்திக்காரர்கள் தோளில் தூக்கிப் போவார்களே, அந்த ரகம். பதினோரு பவுண்டு. மலைக்குச் சுமந்து போகவா என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். அந்த எடைக்காகக் கூடாரத்தை வீட்டில் விட்டுவிட்டு ஒரு தார்ப்பாயோடு போனார். அந்த வாரம் அங்கே பனி பெய்தது. அக்கா தினமும் டிவியில் வானிலை பார்த்தார். அவருக்கு இருந்தது ஒரே கேள்விதான்: இந்த மனிதர் இன்னும் எத்தனை வருடம் தனியாகப் போவார்?

அந்த மூன்றாம் வருட டேப்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்கோ, இவ்வளவு பாரத்தோடையும் ஆடுது," என்றார் அவர். "கால்ல பிழையில்லை. ஹெட்டிலதான், கேமரா பூட்டுற இடத்தில, ஏதோ லூஸ்."

ஜூனிப்பருக்கு இடப்பக்கமிருந்து மான் வந்தது. கேமரா ஆடியபடியே அதோடு திரும்பியது. மான் நின்றது. சட்டென்று படம் அசையாமல் நின்றது.

"அண்ணா, கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுங்க," என்றேன். "படம் நின்னுச்சே, அப்ப என்ன பண்ணீங்க?"

"துவக்கை எடுக்கப் போனன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஹேண்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

சொல்லிவிட்டு அவரே பின்னால் ஓட்டினார். பார்த்தார். மறுபடி ஓட்டினார். ஆபீசில் பழுதான சர்க்யூட் போர்டைச் சோதிக்கும்போது இருக்கும் அதே முகம்.

"கை வைச்சா ஆடுது," என்றார். "எடுத்தா நிக்குது."

டேப் ஓடியது. அவருடைய முதுகு சட்டகத்துக்குள் வந்தது. மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தார். மான் முழுப்பக்கமும் காட்டி நின்றது. சுடுகிறவர் ஆசைப்படும் நிலை அதுதான் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். நேரம் போனது. அவர் தலையைத் தூக்கினார், மறுபடி கன்னத்தை வைத்தார், மறுபடி தூக்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். மான் அவரைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் மரங்களுக்குள் போனது.

"ஏன் சுடேல்லை?" என்று அக்கா கேட்டார்.

"காத்து."

"காத்தோ? புல்லு அசையேல்லையே."

திரையில் புல் அசையவில்லைதான். காலுறை மாட்டிய மைக்கில் ஒரு பறவையின் சத்தம் மட்டும் கேட்டது. சட்டகத்தின் ஓரத்தில் அவர் வலது கையை இடது கக்கத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாலிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அக்கா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு நான் தேத்தண்ணி அரைக் கப்தான் ஊத்துறனான். ரெண்டு வருசமா. ஏனெண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

"அது சீனி குறைக்கத்தானே எண்டு நினைச்சன்."

"ஓம், சீனி குறைக்க," என்றார் அக்கா. "அரைக் கப்பில ரெண்டு கரண்டி போட்டுத் தாறன், சீனி குறைக்க."

அவர் சிரிக்க முயன்றார். பிறகு டேப்பை வெளியே எடுத்தார். அதை அதன் பெட்டிக்குள் போட அவருக்குக் கொஞ்சம் நேரமானது. நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"டொக்டரிட்டைப் போவம்," என்றார் அக்கா.

"போவம்."

ஜனவரியில் போனார்கள். டாக்டர் அவரை ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னாராம், அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடக்கச் சொன்னாராம். கை நடுக்கம் தரும் அந்த நோயின் பெயரை அக்கா போனில் சொன்னார். அண்ணா என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலை ஆபீஸ் பார்க்கிங்கில் ட்ரைபாடைத் தன் வண்டியிலிருந்து எடுத்து என் வண்டியில் வைத்தார்.

"ஹெட்டில லூஸ் இல்லை," என்றார். "பாத்திட்டன். நல்ல ஸ்டாண்ட்."

அடுத்த நவம்பரில் அவர் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.