மீன்கறி இல்லாத கிழங்கு

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாகக் கிடந்தபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன்.

அந்த வாரம் கேன்டீனுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. உடம்புக்கு நல்லதைத்தான் விற்கவேண்டுமாம். பழம்பொரி போனது, வடை போனது, மீன்கறிக் குழம்பும் போனது. அவித்த மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு மட்டும் இருந்தது. மீன்கறி இல்லாமல் கிழங்கை இந்த ஜில்லாவில் எவன் தின்பான்? ஒவ்வொரு வாய்க்கும் எனக்குத் தொண்டை அடைத்தது, எரிச்சலாக வந்தது.

அக்கா கடற்கரைக்காரர்; வார்டில் கிடந்த புருஷனுக்குக் காவலாக வந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், அகன்ற தோள். தினமும் வந்ததும், சும்மா கிடக்கும் பழைய குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு டம்மென்று மூடுவார்.

"மீன்கறி என்ன பாவம் செஞ்சுது?"

"எண்ணெ கூடாதாம் அக்கா," என்றார் கேன்டீன்காரர்.

"தேங்கா அரச்சு வைக்கிற கறியில எண்ணெ எங்க கெடக்கு மக்கா? இத எழுதினவன் எந்த ஊருக்காரன்?"

நான் சமாதானமாக, "தீனம் புடிச்சுப் படுத்திருக்கவங்க நல்லதுக்குத்தான் போட்டிருப்பாங்க. அண்ணனுக்கும் நல்லதுல்லா அக்கா?" என்றேன்.

"அவருக்கு மூக்கு வழியா டியூபிலயாக்கும் கஞ்சி எறங்குது. இங்க வாங்கித் திங்கது காவல் கெடக்குத நாமல்லா. நமக்கு என்ன தீனம்?"

சுற்றிலும் பார்த்தேன். தட்டோடு நின்றவர்களில் ஒரு நோயாளிகூட இல்லை.

இரண்டொரு நாளில் அக்கா வருவது நின்றது. ஏனென்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கிழங்கை வாங்கிக்கொண்டு, சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.