பச்சை குத்தாத கை

ஆலிஸுக்கு எதையும் சும்மா நம்பிப் பழக்கமில்லை. மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் இவள் தன் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூடையை இறக்கச் சொல்வாள். "பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துல உக்காந்தாகூட, உள்ள சாமியார் முழிச்சிருக்காரான்னு எட்டிப் பாக்குற ஆளுடி நீ" என்பாள் அவள் அம்மா மர்சலின். அப்பா பவுல்சாமி சாந்தோமில் பங்குப் பள்ளிக்கூட வாத்தியார். ஆலிஸ் அதே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள்.

நாற்பத்தி இரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியானபோது பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது தையல் வகுப்பு மட்டும் திறக்கவில்லை. நான்கு வருஷம் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதில், பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். தியாகராய நகரில் செய்திப்படம் எடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு, பிலிம் வெட்டி ஒட்ட, விரல் நிதானமுள்ளவர்கள் தேவை. பெண்களும் வரலாம்.

"பெண்களும்னு எதுக்குப் போடுறான்?" என்றாள் மர்சலின்.

அதே சந்தேகம் ஆலிஸுக்கும் இருந்தது. அதனால் முதல் நாள் தம்பி காஸ்பரை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனி என்று பெயர்தானே தவிர, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறை. முதலாளி, காமிராக்காரர், கதை சொல்பவர் எல்லாம் ஒரே ஆள். கணேசமூர்த்தி என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்த குடும்பம். கடையை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு பம்பாய்க்கு ஓடிப்போய், சண்டைக் காலத்தில் அங்கே செய்திப்படம் எடுத்தவர்களோடு சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. ஆலிஸின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோக்கச் சொன்னார். ஒரே தடவையில் கோத்தாள்.

"நாளைக்கு வந்திருங்க. இங்க எவரும் பீடி குடிக்கக் கூடாது, பிலிம் பொசுக்குன்னு பத்திக்கிடும். வெளிய நிக்காரே, அவர்ட்டயும் சொல்லிருங்க."

வேலை பிடிபட அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பிலிமின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, மூக்கைத் துளைக்கும் பசையைத் தொட்டு வைத்து, இரண்டு துண்டையும் அழுத்தி, பத்து எண்ண வேண்டும். தையலில் மடிப்பு வெளியே தெரியக் கூடாது. இங்கே ஒட்டு தெரியக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தாள்.

அப்படி இல்லை என்பதை கணேசமூர்த்தி ஒரு நாள் காட்டினார். ஒரு கிழவர் அண்ணாந்து பார்க்கிறார். அடுத்து வானத்தில் காற்றாடி. கிழவர் முகத்தில் பழைய ஞாபகத்தின் இளக்கம். அதே கிழவரின் இன்னொரு பிரதி. அடுத்து ஆகாய விமானம். இப்போது கிழவர் முகத்தில் உயிர்ப் பயம்.

"ரெண்டும் ஒரே மொகம். நிசமா அவரு பாத்தது என்ன தெரியுமா? தென்ன மரத்துல இளநி வெட்டிட்டு இருந்தானுவ."

ஆலிஸ் சிரிக்கவில்லை. போன வருஷம் கொட்டகையில் பார்த்த சண்டைச் செய்திப்படங்களை எல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அதில் யார் யார் இளநீரைப் பார்த்தார்களோ!

அந்த வருஷம் சர்க்கார் இலாகா ஒன்று வாந்திபேதி ஊசியைப் பற்றிப் படம் கேட்டது. வேனில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு. படம் பிடிக்கப் பாலவாக்கம் குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். திருவான்மியூருக்குத் தெற்கே மணலும் சவுக்கும் தவிர வேறு இல்லாத காலம் அது. "நீங்களும் வாங்க" என்றார் கணேசமூர்த்தி. "ஒரு பொம்பள கூட இருந்தா பயப்பட மாட்டாங்க."

தன்னை அழைத்துப் போவது வேலைக்கா, தூண்டில் புழுவாகவா என்று யோசித்துக்கொண்டேதான் மாட்டு வண்டியில் ஏறினாள்.

குப்பம் அவர்களை நம்பவில்லை. சண்டைக் காலத்தில் வந்த அதிகாரிகள் கட்டுமரத்தை எல்லாம் எண்ணி எழுதிக்கொண்டு போனது அவர்களுக்கு மறக்கவில்லை. "இந்தப் பொட்டி இன்னாத்துக்கு? ஆள் புடிக்கிறதுக்கா?" என்று கேட்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம் மேஜை போட்டு உட்கார்ந்து அதட்டியதில், வேறு ஊரிலிருந்து வந்த கூலிக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக ஆறு பேர் மட்டும் கை நீட்டினார்கள். குப்பத்துக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. போன திருவிழாவில் எவனோ வந்து போட்ட ஊசியில் ஒரு பெண்ணின் கை வீங்கி, ஒன்பதாம் நாள் அவள் செத்துப்போயிருந்தாள். அதன் பிறகு அம்மன் கோயில் முன்னால் கூடி, ஊசி வேண்டாம் என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள்.

செத்தவளின் அக்காள் தங்கம். அவள் மேஜை வரைக்கும் வந்தாள். இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "போடுறவன் மூஞ்ச பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். சற்று நேரம் கழித்து, ஆலிஸ் நண்டு வளையில் காலை விட்டு மணலில் பொத்தென்று விழுந்தபோது, அதே தங்கம் வாய்கொள்ளாமல் சிரித்தாள். காமிரா இரண்டையும் பிடித்திருந்தது.

மாடி அறையில் கணேசமூர்த்தி மூன்று துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். தங்கம் மேஜையை நோக்கி வருகிறாள். ஒரு கையில் ஊசி இறங்குகிறது. தங்கம் சிரிக்கிறாள்.

"கை அவளோடது இல்லயே, சார்."

"யாருக்குத் தெரியும்? பிலிமையே அளந்து குடுக்கப்ப, மறுபடியும் போயி எடுக்க நான் எங்க போவேன்? ஒட்டுங்க."

ஒட்டினாள். ஓட்டிப் பார்த்தபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்தது. கோபக்காரப் பெண் ஒருத்தி வந்து, ஊசி போட்டுக்கொண்டு, மனசு குளிர்ந்து சிரிக்கிறாள். தன் விரல்கள் செய்த வேலையை நினைத்து ஆலிஸ் சந்தோஷப்பட்டாள். எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவள், அந்த ஒரு நாள் தன்னைச் சந்தேகிக்க மறந்துபோனாள்.

படத்தை முதலில் பாலவாக்கத்திலேயே காட்டினார்கள். விளக்கு வைத்த நேரம். கடற்கரையில் திரை கட்டி, வேனிலிருந்து ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார் கணேசமூர்த்தி. தங்கள் கட்டுமரத்தையும் நாய்களையும் பார்த்து ஜனங்கள் கூச்சலிட்டார்கள். தங்கம் வந்தாள், ஊசி இறங்கியது, சிரித்தாள். கூச்சல் பட்டென்று நின்றது.

"ஏய், தங்கம் போட்டுக்கினாடா!" என்றது ஒரு குரல்.

"ஊருக்கு ஒரு பேச்சு, உள்ளுக்கு ஒரு பேச்சா? இன்னா குடுத்தாங்க உனக்கு?"

தங்கத்தின் புருஷன் எட்டியப்பன் எழுந்து நின்று மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட சந்தேகம்தான் அதிகம் இருந்தது. தங்கம் அவனைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. வேன் பக்கத்தில் நின்ற ஆலிஸைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டிப் புடவைத் தலைப்பை விலக்கினாள். முழங்கைக்குக் கீழே தேள் ஒன்று பச்சை குத்தியிருந்தது.

"அது என் கை இல்ல. என் கைல தேள் கீது. அதுல எங்க கீது?"

"படத்துல பச்ச தெரியாது" என்றான் ஒருவன். வேறு சிலரும் அதையே சொன்னார்கள். பொய் சொன்னது படமாக இருக்க முடியாது, தங்கமாகத்தான் இருக்க முடியும் என்று அந்தக் கூட்டம் முடிவு கட்டிக்கொண்டிருந்தது.

ஆலிஸ் கணேசமூர்த்தியின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கை அவங்க கை இல்ல. கூலிக்கு வந்த ஒரு பொம்பளையோட கை. அவங்க சிரிச்சது நான் கீழ விழுந்ததைப் பாத்து. மூணு துண்டையும் ஒட்டினது நான்தான். அவங்க ஊசி போட்டுக்கவே இல்ல."

கூட்டம் தங்கத்தின் கையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கிழவி, "அப்ப மிச்சத்துல எது நெசம்?" என்று கேட்டாள். ஆலிஸ் மைக்கைக் கணேசமூர்த்தியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது கணேசமூர்த்தி பிலிம் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடையாறு பாலத்தில் வேன் ஏறியபோது, "நான் சொல்லி விடுற வரைக்கும் வர வேண்டாம்" என்றார். இன்ஸ்பெக்டர் இலாகாவுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார். படத்தை நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் மர்சலினுக்கு வேறு சந்தேகம். "அந்த ஆளு உன்கிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டானா? உண்மையைச் சொல்லு." நடந்ததைச் சொன்னபோது அதையும் அவள் நம்பவில்லை. ஒட்டினதை ஒத்துக்கொண்டதுக்கா வேலை போகும் என்றாள்.

மூன்றாவது வாரம் தங்கம் மீன் கூடையோடு சாந்தோமில் வந்து நின்றாள். குப்பத்தில் ஆலிஸ் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து, வாத்தியார் வீட்டைத் தேடி இரண்டு தெருவில் விசாரித்திருக்கிறாள்.

"கோவளத்துப் பக்கம் பேதி கண்டுருச்சாம். எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது. ஒண்ணு கேக்கறேன். அந்த ஊசிய ஆளுக்கு ஆள் கழுவுறானா?"

"அத ஏன் என்கிட்ட கேக்கறீங்க?"

"நீதான் பொய்ய ஒத்துக்கின. வேற யார கேக்க?"

ஆலிஸ் கையிலிருந்த ரவிக்கையை மடித்து வைத்தாள். "தெரியல. ஆனா பார்க்க முடியும்" என்றாள்.

மறுநாள் கூப்பிடாமலே மாடி ஏறினாள். கணேசமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் படத்தில் சேர்க்காமல் கழித்த துண்டுகள் கிடந்த கூடையை இழுத்து, இன்ஸ்பெக்டரின் மேஜை இருந்த துண்டுகளைப் பொறுக்கி, மிஷினில் மாட்டி மெதுவாக ஓட்டினாள். முதல் கை. ஊசி. பஞ்சால் ஒரு துடைப்பு. இரண்டாவது கை. துடைப்பு. மூன்றாவது. ஆறு கைக்கும் ஒரே ஊசி. மேஜையில் ஸ்பிரிட் அடுப்பு இருந்தது, பாத்திரமும் இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

"இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றார் கணேசமூர்த்தி. மூன்று தடவை ஓட்டினார்கள். "நான்தானே காமிராவப் புடிச்சேன். என் கண்ணுக்குப் படலியே" என்று தலையைச் சொறிந்தார்.

அந்தத் துண்டைக் காட்டியதும் சண்முகசுந்தரம் குதித்தார். ஸ்பிரிட் கிடைப்பதில்லை, இருப்பதே இரண்டு ஊசி, ஐம்பது பேருக்கு எப்படிக் கொதிக்க வைப்பது என்றார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் பிலிம் இலாகாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். எங்கிருந்தோ பன்னிரண்டு ஊசி வந்தது. கணேசமூர்த்தியும் அண்ணன்மாரைப் பிடித்து, யார் யாரையோ பார்த்து, புதுப் பிலிம் ஒரு சுருள் வாங்கி வந்தார்.

காமிராவுக்குச் சாவி கொடுத்தால் அரை நிமிடம்தான் ஓடும். அதற்குள் கொதிக்கும் பாத்திரம், ஊசி, தேள் குத்திய கை, தங்கத்தின் முகம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும் என்றாள் ஆலிஸ்.

"வெட்டி எடுத்தா சுலபமா முடிஞ்சிரும்" என்றார் அவர்.

"வெட்டினா யாரும் நம்ப மாட்டாங்க, சார். நானே நம்ப மாட்டேன்."

பேதிப் பயத்தில் குப்பத்துக் கட்டுப்பாடு தளர்ந்திருந்தாலும், மறுபடி படம் பிடிக்கப் போன அன்றைக்கும் தங்கம் லேசில் மசியவில்லை. பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். குமிழி வருகிறதா என்று நின்று பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "மொதல்ல நீ போட்டுக்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. ஆனாலும் சட்டைக் கையை மடித்தார். அது முடிந்ததும் தங்கம் ஆலிஸைக் கேட்டாள். "நீ?" ஆலிஸும் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் சாவி கொடுத்தார்கள். தங்கம் கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது அவள் ஊசியையே முறைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

விளக்கம் சொல்ல இந்தத் தடவை கணேசமூர்த்தி மைக்கைத் தானாகவே ஆலிஸிடம் நீட்டினார். தங்கம் கேட்ட கேள்விகளை அவள் கேட்டபடியே சொன்னாள், பதிலையும் சொன்னாள். சிரிக்காத மூஞ்சி எதற்கு என்று இலாகா கடிதம் போட்டுக் கேட்டது. ஒரு மாதம் இழுத்தடித்த பிறகு அரை நிமிடத்தில் பத்து விநாடியை வெட்டச் சொன்னது. ஆலிஸ் முன்னாலிருந்து ஐந்தும் பின்னாலிருந்து ஐந்தும் எடுத்தாள். நடுவில் கத்தி வைக்கவில்லை.

குப்பத்தில் எழுபது பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் மாட்டேன் என்றுதான் கடைசிவரை நின்றார்கள். அந்தக் கோடையில் இரண்டு பேர் பேதியில் போனார்கள். இரண்டு பேருமே போட்டுக்கொள்ளாதவர்கள்தான் என்று சண்முகசுந்தரம் சொன்னார். ஆலிஸ் அதை அப்படியே நம்பாமல், அந்த இரண்டு வீட்டுக்கும் நடந்துபோய் விசாரித்தாள். அவர் சொன்னது சரிதான்.

அந்த மாடியில் அவள் மேலும் பல வருஷம் இருந்தாள். நெசவு, உப்பளம், ரேஷன் கடை என்று கணேசமூர்த்தி எதைப் படம் பிடிக்கப் போனாலும், முதல் நாள் காமிராவை எடுத்துப் போக மாட்டார். ஆலிஸை மட்டும் அனுப்புவார். அவள் போய், தொணதொணவென்று கேள்வி கேட்டு, பாதிப் பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவாள். எதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

எட்டியப்பன் மட்டும் அவளிடம் பேசவே இல்லை. எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "என் மேல சந்தேகப்பட்டத நீ பாத்துட்ட இல்ல, அந்த வெக்கம்" என்றாள் தங்கம். "கெடக்கட்டும் வுடு. நான் இன்னும் அவன மன்னிக்கல."