நாலாம் கட்டில் தட்டு

வீட்டில் அவளுக்குத் தின்னிமாடு என்று பெயர். பெயர் வைத்தவர்கள் வயிறாரப் போட்டார்களா என்றால் அதுதான் இல்லை. ஏழு பிள்ளைகளில் கடைசி. பானை அவளிடம் வரும்போது அடியில் தீய்ந்தது மட்டும் இருக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. "உங்க வீட்ல எத்தனை வேளை சமைப்பீங்க?" மூன்று வேளை என்றார்கள். பொய் இல்லை. சமைப்பது அவள், சாப்பிடுவது அவர்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் எடுபிடி வேலை கிடைத்த பிறகுதான் அவள் வயிறு சோற்றைக் கண்டது. அங்கே ஒரு வழக்கம். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் கட்டிலில் 'வெறும் வயிறு' என்று ஓர் அட்டை தொங்கும். சமையலறைக்குத் தெரிந்ததெல்லாம் கட்டில் கணக்குத்தான், தட்டு வந்துவிடும். அந்தத் தட்டு அவளுக்கு. அட்டையைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

நாலாம் கட்டிலில் ஒரு தச்சர், குடலிறக்கம். துணைக்கு ஆள் இல்லை. ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்ட பிறகு, மயக்க மருந்து டாக்டர் வராமல் ஆபரேஷன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. நோயாளியிடம் யார் எதைச் சொல்கிறார்கள்? "அந்த அட்டைய எடுத்துடுங்கக்கா" என்று இவளிடம் சொல்லிவிட்டு நர்ஸ் நீண்ட விடுப்பில் போய்விட்டாள். "சரிம்மா" என்றவளின் கை அட்டை வரைக்கும் போனது. தட்டில் ஆவி பறந்தது. ஒரு வேளைதானே, கையில் குளுக்கோஸ் ஏறுகிறது, சாகவா போகிறான்? தனக்கு மிஞ்சித்தான் தானம்.

ஒரு வேளை மூன்று நாளானது. முறை மாறி வந்த நர்ஸுகள், அதில் ஒருத்தி வேலைக்குப் புதுசு, அட்டையை நம்பினார்கள். "நாளைக்கு ஆபரேஷன் இருக்கும், பொறுத்துக்கோங்க" என்றார்கள். தச்சர் இவளிடம் கெஞ்சினார். "ஒரு வாய் கஞ்சியாவது கேட்டுப் பாருங்கக்கா."

"நானும் தினம் சண்டை போடுறேன் தம்பி, விட மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் தட்டை வழித்தாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நாலாம் நாள் பெரிய டாக்டர் வந்தபோது தச்சர் கழிவறை வாசலில் மயங்கிக் கிடந்தார். அட்டையைக் கண்டு டாக்டர் கத்தினார்.

"புது நர்ஸு தெரியாம மறுபடி மாட்டிட்டாங்க போலங்கய்யா" என்றாள் இவள், வாய் கூசாமல். புது நர்ஸுக்கு வேலை போயிற்று.

மதியம் தட்டு தச்சரின் மடிக்கே வந்தது. இரண்டு கவளம் உள்ளே போனதும் குமட்டியது; காய்ந்த வயிறு ஏற்கவில்லை. இவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இங்க எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தான்க்கா. இந்த முட்டையையாவது சாப்பிடுங்க. நீங்களும் பசியோடதானே இருப்பீங்க?"

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நிஜமாகவே வந்தது. அழுதுகொண்டே வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.